பருந்தைப் படமெடுக்க எந்த 500 மி.மீ. லென்ஸ்?

நிக்கான் டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்கள் பலர் இந்த இரண்டு லென்ஸ்களில்தான் தடுமாறுகிறார்கள்: 200-500 மி.மீ. ஜூம், 500 மி.மீ. பி.எஃப். பிரைம் (ஜூம் செய்ய முடியாத, எடை குறைந்த வகை). 500 மி.மீ.யில் இரண்டின் அதிகபட்ச அப்பர்ச்சரும் (ஒளி நுழையும் துளையின் அளவு) எஃப்/5.6 தான்.

விலை: வந்த புதிதில் பிரைமின் விலை ஜூமைப்போல இரண்டரை மடங்கு.

எடை: ஜூம் 2.3 கிலோ, பிரைம் 1.46 கிலோ. கருந்தோள் பருந்து வயலுக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும். எப்போது பாயும் என்று தெரியாது. கேமராவை இறக்காமல் காத்திருக்கும்போது ஜூமைப் பிடித்த கை நடுங்கத் தொடங்கிவிடும். பிரைமில் அந்தக் கஷ்டம் குறைவு.

ஃபோகஸ்: பறக்கும் பறவையைப் பின்தொடர்வதில் பிரைம் தெளிவாக முந்துகிறது. எதில் எடுத்தாலும் ஷட்டர் வேகம் 1/2000 நொடி இருக்கட்டும்.

வானில் பறவையைத் தேடிப் பிடிக்க: ஜூமே வசதி. 200-இல் கண்டுபிடித்து, அப்புறம் 500-க்குப் போகலாம்.

எதிர்வெயில்: சூரியன் படச்சட்டத்துக்குள் வந்தால் பிரைமில் ஒளிச்சிதறல் தெரியும்.

சுத்தமான பின்னணி: இங்கே இரண்டும் ஒன்றுதான். பறவைக்குப் பின்னால் இருக்கும் மரம் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவு கரையும். இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தாலே குறுக்கே வரும் கிளை விலகிவிடும். கூட்டுக்கு அருகே மட்டும் நகரவே வேண்டாம், அங்கே எடுக்கவும் வேண்டாம்.

காருக்குள்ளிருந்து ஜன்னலில் மணல்பை வைத்து எடுப்பவருக்கும், இப்போதுதான் தொடங்குபவருக்கும் ஜூம் போதும். வயல் வரப்பில் நடந்து, பறக்கும் பருந்தையே குறிவைப்பவர் காசு சேர்த்து பிரைம் வாங்கலாம்.