பன்சோடான் தெருவில் வேதியியல் செய்முறை நூல் வாங்கப் போகிறவர்கள் கவனிக்கவும்

தங்கை மகன் இந்த வருடம் முதலாண்டு வேதியியல் படிக்கிறான். பகுப்பாய்வு வேதியியலுக்கு ஒரு செய்முறை நூல் வேண்டும் என்றான். யாங்கோனில் பழைய புத்தகம் என்றால் பன்சோடான் தெருதானே, அங்கே போனேன். கடைக்காரர் நம் ஆள். "புதுப் பதிப்பு அண்ணே, பையன்கள் எல்லாம் இதைத்தான் வாங்குறாங்க" என்றார். பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க விடவில்லை. தமிழர் சொல்கிறாரே என்று நம்பி 18,000 கியாட் கொடுத்தேன்.

அட்டை மட்டும்தான் புதிது. உள்ளே இருந்தது ஏதோ பழைய நூலின் நகல். திரவத்தை அளந்து எடுக்கும் கண்ணாடிக் குழாயான பிப்பெட்டை வாயால் உறிஞ்சச் சொல்கிறது. கண்ணாடிக் கருவிகளைக் குரோமிக் அமிலத்தில் கழுவச் சொல்கிறது. அந்தக் குரோமியம் புற்றுநோய் தரக்கூடியது என்று ஒரு வரி இல்லை. பிள்ளைகள் கையில் போகும் புத்தகம் இது!

பையன் மாட்டிக்கொண்டது பெர்மாங்கனேட் டைட்ரேஷனில், அதாவது ஒரு கரைசலில் இன்னொன்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவு காணும் சோதனையில். பழைய நூல்கள் கரைசலின் செறிவை நார்மாலிட்டியில், அதாவது வினையில் கைமாறும் எலக்ட்ரான் கணக்கையும் சேர்த்துச் சொல்லும், அதில் தப்பில்லை. ஆனால் இவனுக்கு வகுப்பில் லிட்டருக்கு எத்தனை மோல் என்று சொல்லும் மோலாரிட்டிதான் பழக்கம். அமிலக் கரைசலில் ஒரு பெர்மாங்கனேட் அயனி 5 எலக்ட்ரான்களை ஏற்கும் என்பதால், 0.1 நார்மல் என்றால் 0.02 மோலார். நகலில் அந்த அலகு மங்கிப்போயிருந்தது. இவன் 0.1 மோலார் என்று எடுத்துக்கொண்டு, 250 மில்லிக்கு 0.79 கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட் போட வேண்டிய இடத்தில் 3.95 கிராம் போட்டுவிட்டான். 25 மில்லி ஆக்ஸாலிக் அமிலத்துக்கு 25 மில்லி பெர்மாங்கனேட் இறங்க வேண்டியது, 5 மில்லியிலேயே இளஞ்சிவப்பு மறையாமல் நின்று சோதனை முடிந்துவிட்டது. "என்ன தப்பு செய்தேன்னே தெரியல மாமா" என்று அன்று இரவு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

திருப்பிக் கொடுக்கப் போனேன். உறை பிரிந்துவிட்டது, எடுக்க மாட்டேன் என்றார்.

உறையைப் பிரித்துக் காட்டாத கடையில் வாங்காதீர்கள். பிரித்ததும் டைட்ரேஷன் பக்கத்துக்குப் போங்கள். அலகு தெளிவாக இருக்கிறதா, பிப்பெட்டில் வாய்க்குப் பதில் ரப்பர் பல்பால் உறிஞ்சச் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். டைட்ரேஷனில் கரைசலின் செறிவைச் சரிபார்க்கப் பயன்படும் பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டின் மோலார் நிறை (ஒரு மோலின் எடை, கிராமில்) 204.22, தசமப் புள்ளி இல்லாமல் 20422 என்று இருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள்.

நான் வாங்கியதன் அட்டையில் ஊதா நிறக் குடுவை இருக்கிறது, முதுகில் பெயர் இல்லை. இன்னும் நாலைந்து பிரதிகள் அங்கே அடுக்கியிருந்தன.