நெட் இல்லாத நாளிலும் திறக்கிற கேம்கள்: கோத்தகிரியிலிருந்து ஒரு நீண்ட கால அனுபவம்

கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. ஐப்பசி, கார்த்திகையில் ரோட்டோரக் கற்பூர மரம் ஒன்று சாய்ந்தால் போதும், கரண்டும் கேபிளும் சேர்ந்தே போய்விடும். கரண்ட் சீக்கிரம் வந்துவிடும். நெட் வர சில சமயம் நாள் கணக்கில் ஆகும். வாங்குகிற கேம் நெட் இல்லாமல் திறக்க வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு இந்த மழையால் வந்ததுதான்.

பெரிய நிறுவனம் ஒன்றின் கேமை முழு விலை கொடுத்து வாங்கியிருந்தேன். கதையைத் தனியாளாக விளையாடி முடிக்கிற வகை, இன்னொருவர் கூட வர வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது நெட் வழியாக அந்த நிறுவனத்தின் சர்வரிடம் அனுமதி கேட்கும். நெட் போன அந்த வாரம் முழுக்க 'இணைப்பைச் சரிபார்க்கவும்' என்ற ஒரே வரியைத்தான் காட்டியது. கேம் மொத்தமும் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது, எனக்குத் திறக்காது. இது நியாயமே இல்லை.

இதுவாவது நெட் வந்ததும் திறந்தது. யூபிசாஃப்ட் நிறுவனத்தின் 'தி க்ரூ' கார் ரேஸ் கேமை வாங்கியவர்களுக்கு அதுவும் இல்லை. 2014 டிசம்பரில் வந்த கேம் அது. 2024 மார்ச் 31 அன்று சர்வரை மூடினார்கள். எப்போதும் சர்வரோடு பேசிக்கொண்டே ஓடும்படி கட்டியிருந்ததால், தனியாக ஓட்டுகிற பகுதியும் அதோடு போனது. டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் அதே கதிதான். இதற்கு எதிராக ராஸ் ஸ்காட் என்பவர் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தின் ஐரோப்பிய மனுவில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அவர்கள் இலவசமாக எதையும் கேட்கவில்லை. விற்ற கேமை, ஆதரவை நிறுத்தும்போது ஓடுகிற நிலையில் விட்டுவிட்டுப் போங்கள் என்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, நான் பயன்படுத்துவதற்கு வருகிறேன். பல வருடமாக முதலில் தேடுவது ஜிஓஜி (GOG) தளத்தில். 2008-ல் போலந்தில் பழைய கேம்களுக்காகத் தொடங்கிய கடை. அங்கே வாங்கினால் இன்ஸ்டாலர் ஃபைலையே இறக்கி வைத்துக்கொள்ளலாம். திறக்கும்போதெல்லாம் சர்வரிடம் அனுமதி கேட்கிற பூட்டு எதுவும் கிடையாது. பெரிய கேம் என்றால் 4 ஜிபி துண்டுகளாக வரும். எங்கள் ஊர் வேகத்துக்கு இது பெரிய வசதி. ராத்திரிக்கு ஒரு துண்டு என்று இறக்கிக்கொள்வேன், நடுவில் அறுந்தால் அந்தத் துண்டை மட்டும் திரும்ப எடுத்தால் போதும். எல்லாம் முடிந்ததும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் போய்விடும். பனியும் ஈரமும் சுவரிலேயே ஊறுகிற வீடு இது. பழைய டிஸ்க்குகளின் ஓரத்தில் பூஞ்சை வட்டம் வட்டமாகப் பிடித்ததைப் பார்த்தபிறகு, ஹார்ட் டிஸ்க்கை மூடி இறுகின எவர்சில்வர் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடுதான் வைக்கிறேன். இரண்டாவது பிரதி கோவையில் அக்கா வீட்டில் இருக்கிறது.

பூட்டு இல்லை என்றால் எல்லாருக்கும் பென்டிரைவில் கொடுக்கலாமே என்று குன்னூர் நண்பர் ஒருவர் கேட்டார். கொடுக்கவில்லை. நம்மை நம்பித்தான் பூட்டுப் போடாமல் விற்கிறார்கள். அதை நகலெடுத்துச் சுற்றுக்கு விட்டால், அடுத்த கேமுக்குப் பூட்டுப் போடச் சொல்லி நாமே கேட்கிற மாதிரி. தள்ளுபடி வந்தபோது அதே கேமை அவருக்குப் பரிசாக வாங்கி அனுப்பினேன். சின்னக் குழுக்கள் செய்கிற கேம் என்றால் இட்ச் தளத்தில் பார்ப்பேன். அங்கே சொன்ன விலைக்கு மேலேயும் கொடுக்கலாம். பிடித்த குழுவுக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பது எனக்குச் சந்தோஷம்.

குறையும் இருக்கிறது. புதுப் பெரிய கேம்கள் பல ஜிஓஜி-க்குத் தாமதமாக வரும், சில வருவதே இல்லை. விலை டாலரில், கார்டு கட்டணமும் சேரும். ரூபாய் விலையும் தள்ளுபடியும் வேண்டுமென்றால் ஸ்டீம் என்ற கேம் கடைதான் வசதி. ஆனால் ஸ்டீம் விற்பது விளையாடுவதற்கான உரிமம் மட்டுமே. 2024 அக்டோபரிலிருந்து பணம் கட்டுகிற இடத்திலேயே அதைச் சொல்லிவிடுகிறார்கள். 'வாங்கு' என்று போட்டு உரிமத்தை மட்டும் விற்பவர்கள் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற கலிபோர்னியா சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்த அறிவிப்பு நமக்கும் வேண்டும். தமிழிலேயே வேண்டும்.

ஸ்டீமில் வாங்கினாலும் ஒரு சோதனை செய்யாமல் விடுவதில்லை. அங்கே 14 நாளுக்குள், விளையாடியது 2 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதனால் இறக்கியதும் ஒரு முறை திறந்து மூடிவிட்டு, ஸ்டீம் செயலியை ஆஃப்லைனுக்கு மாற்றி, ரவுட்டரை அணைத்துவிட்டுத் திரும்பத் திறப்பேன். திறந்தால் வைத்துக்கொள்வேன். திறக்காவிட்டால் அன்றைக்கே திருப்பிவிடுவேன். காரணம் கேட்கிற இடத்தில், நெட் இல்லாமல் ஓடவில்லை என்று எழுதிவிட்டு.