வினைவேக கிட்: சிரிஞ்ச் அருமை, கையேட்டில் ஒரு பக்கம் தப்பு

பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கென்று ஆன்லைனில் விற்கும், ரசாயன வினை எவ்வளவு வேகமாக நடக்கிறது என்று அளக்கும் வினைவேக கிட் ஒன்றை அக்கா மகளுக்காக வாங்கினோம். 100 மில்லி வாயு சிரிஞ்ச், கூம்புக் குடுவை, குழாய் செருகிய ரப்பர் கார்க், மெக்னீசியம் நாடா, கையேடு, இவ்வளவுதான். அமிலம் வராது, அதனால் ஆசிரியர் பக்கத்தில் இருக்கப் பள்ளி ஆய்வகத்தில் செய்வதுதான் நல்லது.

சிரிஞ்சுக்கே கொடுத்த காசு தகும். 0.024 கிராம் மெக்னீசியம், அதாவது சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நாடா, கிட்டத்தட்ட 1 மில்லிமோல் (மோல் என்பது 6.02 × 10²³ துகள் கொண்ட அளவு, மில்லிமோல் அதில் ஆயிரத்தில் ஒன்று). அதை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டுக் கார்க்கை அடைத்தால் வெளிவரும் ஹைட்ரஜன் வாயு தள்ள, பிஸ்டன் மெல்ல நகர்ந்து 24 மில்லி பக்கத்தில் போய் நிற்கிறது. ஒரு மெக்னீசியம் அணுவுக்கு ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு வரும், அதனால் அந்த 24 மில்லிக்குள் ஏறக்குறைய 6.02 × 10²⁰ ஹைட்ரஜன் மூலக்கூறுகள். ஒரு நிமிடத்தில் வினை முடிந்தால் சராசரியாக விநாடிக்கு 10¹⁹ மூலக்கூறு என்று பிள்ளையே கணக்குப் போட்டுவிடும். பிளஸ் ஒன்னில் படிக்கும் மோலும் பிளஸ் டூவில் வரும் வினைவேகமும் இங்கே ஒரே சிரிஞ்சில் சந்திக்கின்றன, எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

ஆனால் கையேடு அடுத்த பக்கத்திலேயே சொதப்புகிறது. அந்த 10¹⁹-ஐ மாறாத எண்ணாக வைத்துக்கொண்டு, எத்தனை மூலக்கூறோ அதை இதால் வகுத்தால் நேரம் வந்துவிடும், நாடா இரட்டிப்பானால் நேரமும் இரட்டிப்பு என்று போட்டிருக்கிறார்கள். இது தப்பு. அமிலம் தாராளமாக இருக்கும்போது ஐந்து சென்டிமீட்டர் நாடாவைப் போட்டுப் பாருங்கள், வாயு 48 மில்லி வரும், நேரம் கிட்டத்தட்ட அதேதான், ஏனென்றால் அமிலம் படுகிற பரப்பும் கூடவே இரட்டிப்பாகிறது. பழைய இரண்டரை சென்டிமீட்டர் துண்டை 1 மோலார் (லிட்டருக்கு 1 மோல்) அமிலத்துக்குப் பதில் அரை மோலாரில் போட்டால் வாயு அதே 24 மில்லி, நேரம் மட்டும் நன்றாக இழுக்கும். வினை எங்கே நிற்கும் என்பதை மோல் சொல்லும், எப்போது நிற்கும் என்பதற்குச் செறிவு, வெப்பநிலை, பரப்பு எல்லாம் வேண்டும், அப்புறம் ஒருமுறையாவது கடிகாரத்தை வைத்து அளந்தாக வேண்டும். அமிலமும் கடிகாரமும் தவிர, இதைக் காட்டத் தேவையான சாமான் எல்லாம் பெட்டிக்குள்ளேயே இருக்கும்போது கையேடு இப்படித் தப்பாகச் சொல்லிக்கொடுப்பது நியாயமே இல்லை, அடுத்த அச்சிலாவது திருத்த வேண்டும்.

வாங்குகிறவர்கள் உப்புத்தாள் ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், கிட்டில் இல்லை. நாடாவின் மேல் படிந்த சாம்பல் நிற ஆக்சைடைத் தேய்த்து எடுக்காவிட்டால் தொடக்கத்தில் பிஸ்டன் அசையவே யோசிக்கும், நேரத்துக்கு எதிரே வாயுவின் அளவைக் குறித்துப் போடும் வரைபடமும் கோணலாகிவிடும்.