ஹீன் போவிட்டியா விதை வாங்குவோர் கவனத்துக்கு

கம்பளைப் பக்கம் மூலிகை விதைகளைப் பொட்டலம் போட்டு விற்கும் ஒரு வியாபாரி, ஹீன் போவிட்டியா என்று சொல்லி கட்டகளு போவிட்டியா விதையை என் தலையில் கட்டிவிட்டார். முன்னது நம் மண்ணின் சொந்தச் செடி. ஈரல் நோய்க்கு அதன் இலையைக் கஷாயம் வைத்துக் கொடுப்பது நம்மவர் வழக்கம். பின்னதோ வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து காட்டோரங்களில் பெருகிவிட்ட ஆக்கிரமிப்புச் செடி. மருந்துக்கென்று கேட்டவர்களுக்குக் கன்று கொடுக்கத்தான் தவறணையில் பாத்தியே போட்டேன்.

இரண்டிலும் இலை நரம்புகள் அடியிலிருந்து நுனிவரை நீளவாக்கில் ஓடும். நாற்றுப் பருவத்தில் யாருக்கும் குழப்பம் வரும், வியாபாரி நம்பியிருப்பதும் அதைத்தான். பூத்த பிறகு குட்டு வெளிப்பட்டது. நாலு ஊதா இதழும் எட்டு மகரந்தத் தாளும் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து இதழ் வெள்ளைப் பூ! தண்டெங்கும் சொரசொரவென்று நீண்ட மயிர்.

தொலைபேசியில் கேட்டேன். "எல்லாம் போவிட்டியாதான் அண்ணே, மருந்தும் ஒன்றுதான்" என்றார். பணத்தைக் கேட்டதும் அழைப்பைத் துண்டித்துவிட்டார். நோயாளி குடிக்கப்போகும் இலையைப் பற்றி இப்படி வாய் கூசாமல் பொய் சொல்ல எப்படித்தான் மனம் வருகிறது?

மிச்ச விதையை வெள்ளைத் தாளில் கொட்டி உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். வெறுங்கண்ணுக்கு எல்லாம் வெறும் தூள்தான். ஆனால் ஹீன் போவிட்டியா விதை நத்தை ஓடுபோல் சுருண்டு வளைந்திருக்கும். பொட்டலத்தில் இருந்தவை சுருளே இல்லாத முட்டை வடிவ விதைகள். மகா போவிட்டியா என்று மூன்றாவதாக ஒரு செடியும் உண்டு, அதன் விதையும் சுருண்டதுதான். ஆகவே சுருளைப் பார்த்தால் கட்டகளுவை ஒதுக்கலாம், மற்ற இரண்டையும் பிரிக்கக் காய் வேண்டும். ஹீன் போவிட்டியா காய் உலர்ந்து, மேல்முனை திறந்து, தட்டினால் விதை உதிரும். மகா போவிட்டியா காய் வெடித்தால் உள்ளே கருஞ்சதை தெரியும். கட்டகளுவுக்குச் சாறுள்ள கருநீலப் பழம். இதனால்தான் சொல்கிறேன், காய்ந்த காயோடு தந்தால் மட்டும் வாங்குங்கள். கழுவி உலர்த்திய உதிரி விதையை யார் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

ஏற்கெனவே கட்டகளுவை நட்டவர்கள் பழம் கறுக்குமுன் வேரோடு பிடுங்கிவிடுங்கள். ஒரு பழத்துக்குள் நூற்றுக்கு மேல் விதை இருக்கும், பறவைகள் தின்று தேயிலை மலைக்கும் காட்டுக்கும் கொண்டுபோகும். நான் பாத்தி முழுவதையும் பிடுங்கிவிட்டேன். கன்று வாங்கிப் போன வீடுகளுக்கும் நேரில் போய், அந்த இலையைக் காய்ச்ச வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வியாபாரி பற்றுச்சீட்டு தரவில்லை. நீங்கள் யாரிடம் வாங்கினாலும் செடியின் பெயரை எழுதிப் பற்றுச்சீட்டு கேளுங்கள். அது கையில் இருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற எண்ணில் முறையிடலாம்.