பெற்றோர் கூட்டமா, வீட்டுச் சந்திப்பா?

பெற்றோர் கூட்டம் பள்ளிக்கு வசதி. ஒரே நாளில் எல்லோரையும் பார்த்துவிடலாம். ஆனால் பேச்சு பெரும்பாலும் மதிப்பெண்ணோடு நின்றுவிடும். வேலையை விட்டு வர முடியாதவர்களின் நாற்காலி காலியாகவே கிடக்கும். அவர்களுக்கு அக்கறை இல்லை என்று முடிவுகட்டுவது பெரிய தவறு.

ஆசிரியரே வீட்டுக்குப் போவது வேறு மாதிரி. அமெரிக்காவின் சாக்ரமென்டோவில் 1998-ல் தொடங்கிய முறையில், முன்கூட்டியே கேட்டு, குடும்பம் சம்மதித்தால் மட்டுமே போகிறார்கள், அதுவும் இருவராக. முதல் சந்திப்பில் மதிப்பெண் பேச்சு கிடையாது. பிள்ளையைப் பற்றி உங்களுக்கு என்ன கனவு என்றுதான் கேட்கிறார்கள். அப்படித் தொடங்கிய உறவில், அப்புறம் ஒரு குறையைச் சொல்ல நேர்ந்தாலும் பெற்றோர் காதுகொடுத்துக் கேட்பார்கள்.

நேரம் அதிகம் பிடிக்கும், சரி. அந்த நேரத்துக்கு ஆசிரியருக்கு ஊதியமும் தர வேண்டும். இருந்தாலும், ஆண்டின் தொடக்கத்தில் நான் வீட்டுச் சந்திப்பைத்தான் தேர்ந்தெடுப்பேன்.