போர் தண்ணியை நம்பி ஏமாந்த கதை: ஹைட்ரோமீட்டரோடு மூன்று பதநீர் சீசன்

சாயல்குடிப் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில் சின்ன அளவில் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுகிறோம். இனிப்பை அளக்க மூன்று வருடம் முன்பு கண்ணாடி ஹைட்ரோமீட்டர் ஒன்று வாங்கினேன். வெளிநாட்டில் வீட்டிலேயே பீர் போடுகிறவர்கள் வைத்திருப்பார்களே, அதே சாமான்தான். பனையேறும் அண்ணன் பார்த்துவிட்டு, "நாக்குல ஒரு சொட்டு விட்டா தெரிஞ்சிரும் தம்பி, இதுக்கு எதுக்குக் கண்ணாடிக் குச்சி?" என்றார்.

வாங்கிய அன்றே சோதித்தேன். வெறும் தண்ணியில் 1.000 காட்டணும், இனிப்பு ஏற ஏற எண்ணும் ஏறும். வீட்டு போர் தண்ணியில் மிதக்கவிட்டால் சரியாக 1.000. துல்லியம் என்று நம்பிவிட்டேன். சிக்கல் அப்புறம்தான். காலையில் 1.046 காட்டிய பதநீர், மத்தியானம் அதே குடத்தில் 1.043. அண்ணனிடம் "தண்ணி கிண்ணி சேந்துருச்சாண்ணே?" என்று கேட்டுவைத்தேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை.

காரணம் குச்சியிலேயே பொடி எழுத்தில் இருந்தது: 20 டிகிரி. அந்தச் சூட்டில்தான் அளவு சரியாக வரும், சூடு ஏறினால் குறைத்துக் காட்டும். நம்ம ஊரில் 20 டிகிரியை எங்கே பார்ப்பது? நல்ல தண்ணியே 30 டிகிரியில் 0.9975 பக்கம்தான் காட்டும், 35-இல் 0.996. போர் தண்ணி மட்டும் எப்படி 1.000 காட்டியது? உப்பு. எங்கள் தண்ணியின் டி.டி.எஸ். (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற கணக்கு) 3000-க்கு மேல். சூடு இறக்கியதை உப்பு ஏற்றிவிட்டது. இரண்டு பிழையும் கூட்டுச் சேர்ந்து என்னை ஏமாற்றியிருக்கின்றன.

இப்போது கேன் தண்ணியில்தான் சோதனை. கூடவே 100 கிராம் சீனியை 900 கிராம் தண்ணியில் கரைத்துப் பார்ப்பேன். 20 டிகிரியில் 1.040 வரவேண்டும், இங்கே 30-இல் 1.037 வந்தால் குச்சி நல்லாயிருக்கிறது என்று அர்த்தம். அதற்குத் தராசு ஒழுங்காக இருக்கணுமே? 2011-இலிருந்து 2018 வரை அடித்த ஐந்து ரூபாய் நாணயம் 6 கிராம். பத்து வைத்தால் 60. பழைய கனத்த காசு 9 கிராம், கலந்துவிடாதீர்கள்.

தெர்மாமீட்டர்தான் அதிகம் நஷ்டம் வைத்தது. கடலோரம் என்பதால் கொதிக்கும் தண்ணி ஏறக்குறைய 100 காட்டணும். என்னுடையது 97. பாகு 117 வரட்டும் என்று காத்திருந்தால் நிஜத்தில் 120 ஆகியிருக்கும். போன வருடம் இரண்டு சட்டி தீய்ந்து கசந்தது அதனால்தான். ஐஸ் தண்ணியில் வைத்தும் பார்த்தேன், அங்கேயும் மூன்று குறைவு. மீன் பெட்டி ஐஸில் மட்டும் சோதிக்க வேண்டாம், உப்புப் பட்டிருந்தால் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். புதிதாக ஒன்று வாங்கவில்லை. 114 வந்ததும் இறக்கிவிடுகிறேன், அதற்குமுன் ஒரு சொட்டைத் தண்ணியில் விட்டு விரலால் உருட்டியும் பார்த்துக்கொள்கிறேன்.

குச்சி இன்னும் உடையவில்லை. உள்ளே இருக்கும் அளவுத் தாள் நழுவினால் மொத்தமும் தப்பாகிவிடும் என்பதால் சீசன் தொடங்கும்போது ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை சீனித் தண்ணியில் விட்டுப் பார்க்கிறேன். அண்ணன் இப்போது அவரே எட்டிப் பார்த்து, "இன்னிக்கு எம்புட்டுக் காட்டுது?" என்கிறார்.