சென்னை - சான் பிரான்சிஸ்கோ: அம்மாவை எந்த வழியாக அழைத்து வருவது?

சென்னைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே மிகக் குறுகிய வான்வழியே சுமார் 13,900 கிலோமீட்டர். நேரடி விமானம் இல்லை, நடுவில் எங்காவது மாறித்தான் ஆக வேண்டும். அம்மாவை முதல் தடவை சிங்கப்பூர் வழியாகவும், அடுத்த தடவை பிராங்க்பர்ட் வழியாகவும் அழைத்து வந்தேன். இனி எனக்கு பிராங்க்பர்ட்தான்.

தூரத்தை மட்டும் பார்த்தால் பிராங்க்பர்ட் தோற்றுவிடும். துபாய் வழி ஏறக்குறைய 15,950 கி.மீ., சிங்கப்பூர் வழி 16,500, பிராங்க்பர்ட் வழி 16,750. கட்டணம் பருவத்துக்குப் பருவம் மாறும். பெட்டிகள், ஒரே டிக்கெட்டாக எடுத்தால், எந்த வழியிலும் நேராக சான் பிரான்சிஸ்கோவுக்கே வந்துவிடும்.

நான் பார்ப்பது ஒன்றைத்தான்: ஒரே மூச்சில் எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும்? சிங்கப்பூர் வரை நாலு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அம்மா கண்ணயர்வதற்குள் இறங்கச் சொல்லிவிட்டார்கள். அப்புறம் பசிபிக் மேல் சுமார் 15 மணி நேரம். பத்தாவது மணி நேரத்தில் அம்மா காலை நீட்டிக் காட்டினார். பாதம் வீங்கி, மெட்டி விரலில் பதிந்துபோயிருந்தது. சோப்பு போட்டுக் கழற்றப் பார்த்தும் வரவில்லை. இறங்கி இரண்டு நாள் கழித்துத்தான் வீக்கம் வடிந்தது. நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் உண்டு. வயதானவர்கள் விஷயத்தில் அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

பிராங்க்பர்ட் வழியில் பயணம் கிட்டத்தட்ட சரிபாதியாகப் பிரிகிறது. முதலில் பத்து மணி நேரம், பிறகு பதினொன்றரை. சென்னையில் நள்ளிரவு தாண்டி ஏறினோம், சாப்பிட்டதும் அம்மா தூங்கிவிட்டார். பிராங்க்பர்ட்டில் காலை வெளிச்சத்தில் இறங்கி, முகம் கழுவி, வெந்நீர் குடித்து, மெதுவாக நடந்தார். இந்த முறை மெட்டியை வீட்டிலேயே கழற்றி வைத்து, காலுக்கு இறுக்கமான சாக்ஸ் போட்டுவிட்டிருந்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் பாதி வழியில் கிடைத்த அந்த நடைதான் பெரிய உதவி என்று நினைக்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. பிராங்க்பர்ட்டில் மறுபடி பாதுகாப்புச் சோதனை உண்டு, நடையும் அதிகம். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். இடையில் மூன்று மணி நேரமாவது விடுங்கள். வசதியில் சிங்கப்பூரை அடித்துக்கொள்ள முடியாது. தமிழும் ஆட்சிமொழியாக இருக்கும் ஊர், சைவச் சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம். முப்பது வயதில் தனியாகப் போகிறவராக இருந்தால் அதையே எடுக்கலாம்.

துபாய் வழியே நான் போனதில்லை. ஆனால் அங்கும் முதலில் நாலு மணி நேரம், பிறகு ஏறக்குறைய 16 என்பதால் அதே சிக்கல்தான் வரும்.

ஊருக்குத் திரும்பும்போது இந்த வித்தியாசம் இன்னும் கூடும். மேலே காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. சிங்கப்பூருக்குப் போகும் விமானம் அதை எதிர்த்துப் பறக்க வேண்டும், 15 மணி நேரம் 16, 17 ஆகிவிடும். பிராங்க்பர்ட்டுக்கோ அதே காற்று பின்னாலிருந்து தள்ளும், 11 மணி நேரத்துக்குள் போய்விடலாம். மே மாதம் அம்மா ஊருக்குக் கிளம்புகிறார், அந்த வழியிலேயே டிக்கெட் போட்டாயிற்று.